நிட்டிங் மெஷினும் ஸ்பேரும் இறக்குமதி: ஒரே எச்எஸ் கோடு போதுமா?

திருப்பூரில் சின்ன நிட்டிங் யூனிட். தைவானிலிருந்து புது சர்குலர் மெஷினும் (துணியைக் குழாய் வடிவில் பின்னும் மெஷின்) ஸ்பேரும் முதல்முறையாகத் தூத்துக்குடி வழியே வருகிறது. சப்ளையர் புரொஃபார்மாவில் (முன்கூட்டி அனுப்பும் விலைப்பட்டியல்) எல்லாவற்றுக்கும் ஒரே எச்எஸ் கோடு (பொருளை வகைப்படுத்தி வரியைத் தீர்மானிக்கும் எண்) போட்டிருக்கிறார், அப்படியே விடலாமா என்று கேட்டிருக்கீங்க. விடாதீங்க. அட்வான்ஸ் அனுப்பும் முன்பே ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனிக் கோடு, தனி விலை போட்டு வாங்கிடுங்க.

இறக்குமதிக்கான பதிவு சுலபம். டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் பான், முகவரிச் சான்று, கேன்சல் செய்த காசோலை கொடுத்து 500 ரூபாய் கட்டினால் ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான எண்) கிடைக்கும். உங்கள் பான் எண்ணேதான் ஐஇசி எண். ஆனால் வருஷாவருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், உள்ளே போய் உறுதி செய்யணும். மறந்தால் ஐஇசி முடங்கும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.

இனி கோடு. முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. நம்ம நாட்டில் 8. சப்ளையர் தரும் கோடில் ஆறுக்கு மேல் இருப்பது அவர்கள் நாட்டுக் கணக்கு, நமக்கு ஆகாது. சர்குலர் மெஷினுக்கு சிலிண்டர் விட்டத்தைப் பாருங்க: 165 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 8447 12, அதற்குள் என்றால் 8447 11. உங்கள் 30 இன்ச் மெஷின் 762 மில்லிமீட்டர், அதனால் 8447 12. சாக்ஸ் போடும் 4 இன்ச் மெஷின் 8447 11-இல் போகும். விட்டத்தை இன்வாய்ஸிலும் கேட்டலாகிலும் எழுதி வாங்கிடுங்க.

ஸ்பேரில்தான் ஆட்கள் மாட்டுவாங்க. "நிட்டிங் மெஷின் பார்ட்ஸ்" என்று மொத்தமாக எழுதினால் தப்பு. ஊசியும் சிங்கரும் (sinker, கண்ணி பின்ன ஊசியோடு சேர்ந்து இயங்கும் சின்னத் தகடு) 8448 51. ஆனால் மோட்டார் 8501, பேரிங் 8482, இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) 8504, ரப்பர் பெல்ட் 4010, இரும்புத் திருகு 7318. எந்த மெஷினுக்கு வாங்கினாலும் இவை தங்கள் சொந்தத் தலைப்பிலேயே போகும். சுங்க வரிப் பட்டியலின் 16-ஆம் பிரிவின் குறிப்புகள் அப்படித்தான் சொல்கின்றன. மெஷினோடு கட்டாயமாகச் சேர்ந்து, தனி விலை இல்லாமல் வரும் ஸ்பேருக்கு மட்டும் 1963-ஆம் வருஷ சுங்க விதிப்படி மெஷினின் வரி விகிதமே கிடைக்கும்.

வரிக் கணக்கு: வரி கணக்கிடும் மதிப்பு (பொருள் விலையோடு கப்பல் கட்டணம், காப்பீடு சேர்ந்தது) 1,00,000, அடிப்படை வரி 7.5% என்று வைத்துக்கொள்வோம். 7,500, அதன் மேல் சமூக நல சர்சார்ஜ் 10%, 750. கூட்டுத்தொகை 1,08,250-க்கு 18% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) 19,485. ஐஜிஎஸ்டியை ஐடிசியாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரவாக) எடுக்கலாம். முதல் இரண்டும் உங்கள் செலவு. பில் ஆஃப் என்ட்ரியில் (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிக்கை) உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால்தான் அந்த ஐஜிஎஸ்டி உங்கள் 2பி-யில் (ஜிஎஸ்டி தளம் காட்டும் ஐடிசி பட்டியல்) வரும். ஃபைல் பண்ணும் முன் செக்லிஸ்ட்டை (பில் ஆஃப் என்ட்ரியின் வரைவு) கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கி நீங்களே சரிபாருங்க. கோடு தப்பி வரி குறைந்தால் நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான்: 2 வருஷம் வரை, மறைத்ததாகக் கருதினால் 5 வருஷம் வரை.

கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரியை ஃபைல் பண்ணணும். தாமதமானால் முதல் 3 நாள் தினம் 5,000, பிறகு தினம் 10,000 ரூபாய்.

கோடில் கஸ்டம்ஸ் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவசரப்பட்டு எழுத்தில் சம்மதம் கொடுக்காதீங்க. சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவின்படி 15 நாளுக்குள் காரணம் எழுதிய உத்தரவு தரணும், கேட்டு வாங்குங்க. அதை வைத்து அப்பீல் போகலாம். மதிப்பீடு இழுத்துக்கொண்டே போனால், அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவில் பாண்ட் (வரி கூடினால் கட்டுவேன் என்ற உறுதிப் பத்திரம்) கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் மெஷினை எடுத்து ஓட்டலாம்.