யூதா நிருபத்தில் வரும் 'சோஃபோஸ்' என்ற கிரேக்கச் சொல் வெறும் இருட்டைக் குறிக்கிறதா, நரகத்தைக் குறிக்கிறதா?

இரண்டுமே சரியாகப் பொருந்தாது. புதிய ஏற்பாட்டில் இருட்டுக்கு வழக்கமாக வருகிற சொற்கள் ஸ்கோட்டோஸ், ஸ்கோட்டியா. இயேசு சிலுவையில் இருந்தபோது பூமியெங்கும் மூடிய இருள் (மத்தேயு 27:45) ஸ்கோட்டோஸ், யோவான் 1:5ல் ஒளியைப் பற்றிக்கொள்ளாத இருள் ஸ்கோட்டியா. சோஃபோஸ் அபூர்வம். 2 பேதுருவில் இரண்டு இடம், யூதாவில் இரண்டு இடம், அப்புறம் எபிரெயர் 12:18, அதுவும் பழைய கைப்பிரதிகளில். தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்து இதைப் பிரித்தறிய வழியில்லை, ஏனென்றால் மத்தேயுவில் ஸ்கோட்டோஸுக்குப் போட்ட அதே 'அந்தகாரம்'தான் யூதா 6லும் இருக்கிறது.

சோஃபோஸ் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காலத்திலிருந்தே ஓர் இடத்தோடு ஒட்டிய சொல். அவருடைய இலியட் காவியத்தில் சகோதரர்களான மூன்று தெய்வங்கள் உலகத்தைப் பங்கு பிரிக்கும்போது சீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், ஹேடீஸுக்கு விழுந்த பங்கு இந்த சோஃபோஸ். செத்தவர்கள் போய்ச் சேரும் கீழுலகத்தின் இருட்டு. அவருடைய இன்னொரு காவியமான ஒடிசியில் சூரியன் விழும் மேற்குத் திசைக்கும் இதே சொல் வருகிறது. 2 பேதுரு நிருபத்தை எழுதியவர் இதையெல்லாம் அறிந்தே கையாண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். 2:4ல் நாம் 'நரகத்திலே தள்ளி' என்று வாசிப்பது மூலத்தில் 'டார்டரஸில் தள்ளி', அதுவும் கிரேக்கர்களின் பாதாளம், புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத வினை.

எனக்கு மிகவும் பிடித்தது யூதா 6. தங்கள் ஆதிமேன்மையைக் 'காத்துக்கொள்ளாத' தூதர்களை தேவன் சோஃபோஸின் கீழே 'காத்து' வைத்திருக்கிறார், இரண்டு இடத்திலும் ஒரே கிரேக்க வினை. அவர்கள் காக்கத் தவறினார்கள், அவர் காவலில் வைத்தார். தமிழில் இரண்டாவது 'அடைத்துவைத்திருக்கிறார்' ஆகிவிட்டதால் அந்தச் சொல்லின் எதிரொலி நம் காதில் விழுவதே இல்லை. 13ஆம் வசனத்தில் வழிதப்பிய நட்சத்திரங்களுக்கு, அதாவது கள்ளப் போதகர்களுக்கு, காரிருள் 'வைக்கப்பட்டிருக்கிறது' என்பதும் அதே வினைதான். பின்னணி ஏனோக்கின் புத்தகம் என்ற பழைய யூத நூல், 14ஆம் வசனத்தில் யூதாவே அதை மேற்கோள் காட்டுகிறார். அங்கே அசாசேல் என்ற விழுந்துபோன தூதன் கைகால் கட்டப்பட்டு இருட்டில் தள்ளப்படுகிறான், மேலே கற்கள் போட்டு மூடப்படுகிறது, நியாயத்தீர்ப்பு நாளில்தான் அக்கினி.

அதனால் 6ஆம் வசனத்தில் இது விசாரணைக்கு முன்பு கைதியை அடைத்து வைக்கிற இடம் மாதிரி, தண்டனை இனிமேல்தான். 13ல் நிலைமை வேறு, அங்கே 'என்றென்றைக்கும்' என்று சேர்ந்து வருகிறது, சோஃபோஸும் ஸ்கோட்டோஸும் ஒன்றின்மேல் ஒன்றாக 'இருளின் காரிருள்' என்று நிற்கின்றன. சோஃபோஸ் என்றாலே நித்திய நரகம் என்று யாராவது பிரசங்கித்தால் 6ஆம் வசனத்தில் 'மகாநாளின் நியாயத்தீர்ப்புக்கென்று' என்று இருப்பதைக் கட்டாயம் எடுத்துக் காட்டுங்கள்.