சம்பளம் இல்லை, பங்கு மட்டும்தான் என்றால் சேரலாமா?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கும் வாசகர் கேட்கிறார்: "ஹைப்பர்லூப் மாதிரி ஒரு ஸ்டார்ட்அப், வாரம் 10 மணி நேரம் வேலை செய்தால் சம்பளத்துக்குப் பதில் பங்கு தருகிறோம் என்கிறார்கள். சேரலாமா?"

ஆசை எனக்குப் புரிகிறது. எலான் மஸ்க் 2013-ல் ஹைப்பர்லூப், அதாவது காற்றைப் பெரும்பாலும் நீக்கிய குழாய்க்குள் பயணிகள் பெட்டியை அதிவேகமாக ஓட்டும் யோசனையை வெளியிட்டதும், அமெரிக்காவில் ஹைப்பர்லூப் டிரான்ஸ்போர்டேஷன் டெக்னாலஜீஸ் இதே வழியில்தான் ஆள் சேர்த்தது. நாசாவிலும் போயிங்கிலும் வேலையில் இருந்தவர்கள்கூட ஓய்வு நேரத்தில், பங்கு உரிமைக்காக, வாரம் 10 மணி நேரமாவது கொடுத்தார்கள். டிசைன், கணக்கு, சிமுலேஷன் எல்லாம் துண்டு துண்டாகப் பிரித்து வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை, அதற்கு இது நன்றாகவே பொருந்தும். 2018-ல் ஸ்பெயினில் முழு அளவுப் பயணிகள் பெட்டியையும் காட்டினார்கள். ஆனால் கலிபோர்னியாவின் குவே வேலியில் 2015-ல் அறிவித்த 8 கி.மீ. பாதை வரவே இல்லை. நிலம், அனுமதி, பெரும் பணம், இதையெல்லாம் ஓய்வு நேர உழைப்பால் கொண்டுவர முடியாது. முழுநேர ஆட்களோடு நடந்த 'ஹைப்பர்லூப் ஒன்' என்ற இன்னொரு கம்பெனியும் 2023 இறுதியில் மூடப்பட்டது என்பதால், பகுதிநேரத்தை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை பங்குதான். நம் கம்பெனிச் சட்டப்படி இசாப் (ESOP, ஊழியர்களுக்குப் பங்கு வாங்கும் உரிமை தரும் திட்டம்) பொதுவாக நிரந்தர ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்தான். வேறு இடத்தில் முழுநேர வேலையில் இருந்துகொண்டு தன்னார்வலராக உழைப்பவருக்கு "இசாப் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் அது வெறும் பேச்சு. எந்த வழியில் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், கம்பெனிச் சட்டம் தெரிந்த கம்பெனி செக்ரட்டரி ஒருவரிடம் காட்டுங்கள். 10,000 பங்கு என்றால் மொத்தம் எத்தனை பங்கில் 10,000 என்றும் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் இப்போதைய நியமனக் கடிதம். வெளியே வேலை செய்யக்கூடாது, உருவாக்குவதெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் இருக்கலாம். போட்டியாளர்களுக்கு வேலை செய்ததாக விப்ரோ 2022-ல் 300 பேரை நீக்கியது நினைவிருக்கும். மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பையும் சாப்ட்வேர் லைசென்ஸையும் இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஆறு மாதம், ஒரே ஒரு பாகம், அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் என்று ஆரம்பியுங்கள். சிறிய தொகையாவது கன்சல்டன்ட் கட்டணமாகக் கேளுங்கள்.