நான்கு தரம் வாசித்தும் மறந்துபோகும் சேதன இரசாயனம்

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருடம் படிக்கும் நீங்கள், சேதன இரசாயனக் குறிப்புகளை நான்கு தரம் வாசித்தும் பரீட்சை மண்டபத்தில் தாக்கப் பொறிமுறைகள், அதாவது ஒரு தாக்கம் படிப்படியாக நடக்கும் விதம், நினைவுக்கு வரவில்லை என்று கவலையோடு எழுதியிருந்தீர்கள். உங்களுடைய முயற்சியில் குறையில்லை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எழுத்துகள் பழகிப்போவதையே விளங்கிவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. கொப்பியை மூடிவைத்துவிட்டு, வெற்றுத்தாளில் ஒரு கருநாட்டப் பிரதியீட்டுத் தாக்கத்தை (இலத்திரன் சோடியைக் கொடுக்கும் ஒரு கூறு, மூலக்கூறிலுள்ள இன்னொரு கூறின் இடத்தைப் பிடிக்கும் தாக்கம்) வரைந்து, ஒவ்வொரு வளைந்த அம்புக்குறியும் எந்த இலத்திரன் சோடியிலிருந்து புறப்பட்டு எங்கே முடிகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடக்குப்படும் இடத்தில் மட்டும் கொப்பியைத் திறவுங்கள். உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முன்னின்றாலும், ஒரு வாரத்தின் பின் கூடுதலாக நினைவுகூர்ந்தவர்கள், பார்க்காமல் எழுதிப் பழகியவர்களே. அதே தாக்கத்தை மறுநாளும் அடுத்த கிழமையும் புதிய தாளில் வரையுங்கள். பழைய வினாத்தாள்களைக் கடைசிக் கிழமைவரை ஒதுக்கிவைக்காமல் இப்போதே எடுங்கள்.