எக்ஸ்பி கணினியில் தமிழ்: எந்த மென்பொருள்?

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியில் தமிழில் கடிதம் அடிக்க எந்த மென்பொருள் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் 5.4 பதிப்பைப் போடுங்கள். எக்ஸ்பியில் ஓடும் கடைசி வரிசை அதுதான். 6.0 முதல் விண்டோஸ் 7 கேட்கும். நீங்கள் இறக்கிய புதியது நிறுவ மறுத்ததற்குக் காரணம் அதுவே. உங்கள் 512 எம்பி நினைவகத்தில் திறக்கச் சற்றுத் தாமதமாகும், திறந்தபின் கடிதம் அடிக்கத் தாராளம். எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 3 (மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மூன்றாவது திருத்தத் தொகுப்பு) இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்ட்பேடில் கொம்பு விலகி நிற்பதாகச் சொன்னீர்களே, அது மென்பொருளின் குற்றமாக இருக்காது. எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்கான ஆதரவு தானாக இயங்காது.

நோட்பேடில் 'கொ' அடித்துப் பாருங்கள். ககரத்தின் இருபுறமும் கொம்பும் காலும் ஒட்டி நிற்க வேண்டும். புள்ளிவட்டமோ வெற்றுக் கட்டமோ தெரிந்தால், கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்குவேஜஸ் பக்கத்தில் 'இன்ஸ்டால் ஃபைல்ஸ் ஃபார் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தொடங்கும் பெட்டியில் குறியிடுங்கள். எக்ஸ்பி குறுந்தகடு கேட்கும். உங்கள் மன்னார்குடியில் கிடைக்காவிட்டால் கும்பகோணத்தில் பழைய கணினி பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். இப்படிப்பட்டவர்கள் எதையும் தூக்கி எறிவதில்லை. தமிழுக்கான லதா எழுத்துரு இதோடு வந்துவிடும்.

ஆனால் அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்த உங்கள் பழைய திருவிழா நோட்டீஸ்கள் இதனால் சரியாகாது. அவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இல்லை. பாமினி எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், யூனிகோடு தட்டச்சில் திருத்த வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, கோப்பைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்.