சில்வண்டும் சுவர்க்கோழியும் ஒன்றுதானா?

காட்டில் 'கிர்ர்ர்' என்று கேட்பது சில்வண்டா சுவர்க்கோழியா, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மலைக்கு டூர் போய் வந்த கையோடு கேட்கிறீர்கள் போல. ஒன்றில்லை. இதற்காகக் குட்டு வாங்கியவன் சொல்கிறேன்.

வால்பாறையில் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வளர்ந்தவன் நான். ஏழாம் வகுப்பில், சில்வண்டு இறக்கைகளை உரசிச் சத்தம் எழுப்பும் என்றார் சார். முந்தின நாள்தான் சில்வர் ஓக் மரத்தில் ஒன்றைப் பிடித்திருந்தேன். இறக்கைகளை அசையவிடாமல் அழுத்திப் பிடித்தும் காது கிழியக் கத்தியது. வயிறுதான் விரலுக்கடியில் அதிர்ந்தது. எழுந்து, "வயித்துலேர்ந்து வருது சார்" என்றேன். "காலையில சாப்பிடலையாடா? உன் வயிறுதான் கத்தியிருக்கும்" என்றார். வகுப்பே சிரித்தது. அப்புறம் குட்டு.

கல்லூரி நூலகத்தில்தான் என் கட்சி ஜெயித்தது. ஆண் சில்வண்டுக்கு வயிறு தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் விறைப்பான சவ்வு உண்டு. தசை இழுக்க உள்ளே மடங்கி, விட்டதும் வெளியே தெறிக்கும். தகர மூடியை அமுக்கி விடுவதுபோல, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை. வயிறு பெரும்பாலும் உள்ளே காலி என்பதால் சத்தம் பெருகுகிறது. சார் சொன்ன இறக்கை உரசல் சுவர்க்கோழியின் வேலை. அதற்குக் காது முன்னங்காலில்!

பார்த்தே பிரிக்கலாம். சுவர்க்கோழிக்கு மீசை நீளம், தாவும், கடித்துத் தின்னும். சில்வண்டின் மீசை மயிரிழை அளவுதான், மரச்சாறு உறிஞ்சும். குஞ்சுப்பருவம் வருடக்கணக்கில் மண்ணுக்குள். அமெரிக்காவில் 17 ஆண்டு கிடக்கும் இனமே இருக்கிறது. மரத்தில் ஒட்டியிருக்கும் வெற்றுக்கூடு அது கழற்றிய சட்டை.

பகலில் இரைந்தால் சில்வண்டு, இரவில் என்றால் சுவர்க்கோழி என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தியில் கத்தும் சில்வண்டும் உண்டு, தெரியும். பூச்சியியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். ஊர்ப்பக்கம் இரண்டையுமே சில்வண்டு என்பதும் தெரியும்.

போன வருடம் பிள்ளைகளுக்குக் கேட்கவைக்க வால்பாறையிலேயே ஒரு விடுதியில் தங்கினோம். பில்லில் 'இயற்கை அனுபவம்' என்று தனியாக ஐந்நூறு ரூபாய். ராத்திரி முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்தான் பாடியது.