கேள்வி நேரம்: வாசெயில்

கே: ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் 'வாசெயில்' என்று வருகிறதே, என்ன அது?
- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

ப: சரக்கு சமாச்சாரம்! புதுச்சேரிக்காரனிடம் கேட்டது சரிதான். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'வெஸ் ஹெய்ல்' என்றால் 'நலமாக இரு'. கோப்பையைத் தூக்கி ஒருவர் 'வாசெயில்' என்பார். எதிரே இருப்பவர் 'டிரிங்க்ஹெயில்' என்று சொல்லிவிட்டுக் குடிப்பார். நம் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'சாந்தே'யும் ஆரோக்கியம்தான். குடிக்கிறவர்களுக்கு எந்த ஊரிலும் உடம்பின் மேல்தான் அக்கறை!

அப்புறம் அந்தப் பானத்துக்கும் இதுவே பெயரானது: சூடான ஏல் பீரில் சர்க்கரை, ஜாதிக்காய், சுட்ட ஆப்பிள். பெரிய மரக்கிண்ணத்தில் ஏந்தி, வீடு வீடாகப் பாடிப் போவார்கள்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் சாமர்செட் பக்கத்து வழக்கம். அங்கே மரத்துக்கே வாசெயில்! ஜனவரிக் குளிரில் தோப்புக்குப் போய், ஆப்பிள் மரத்தின் வேரில் சைடர் (ஆப்பிள் சாற்றுச் சரக்கு) ஊற்றி, அதில் நனைத்த ரொட்டியைக் கிளையில் செருகி, கெட்ட ஆவிகள் ஓடத் தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டி, துப்பாக்கியும் வெடிப்பார்கள். விளைச்சல் பெருக வேண்டுமாம். 1752இல் நாட்காட்டி மாறியும் பழைய கணக்கை விடாத சில ஊர்களில் இது ஜனவரி 17. ஏறக்குறைய நம் காணும் பொங்கல் சமயம்.

சரக்கு வேண்டாமா? ஆப்பிள் சாற்றில் பட்டை, கிராம்பு போட்டுச் சுட வையுங்கள். கொதிக்க விடாதீர்கள்.