பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன்

அன்புள்ள அண்ணா,

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் வாலிபால் அணி தென் கொரியாவை வென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற கோவிந்தாபுரத்துக்காரன். பொள்ளாச்சிப் பக்கமோ பாலக்காட்டுச் சித்தூர் பக்கமோ எங்கே டோர்னமென்ட் நடந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

1962-இல் ஜகார்த்தாவில் வெள்ளி, 1986-இல் சியோலில் வெண்கலம். அதற்கப்புறம் ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணிக்குப் பதக்கமே இல்லை. ஈரான் வெளிநாட்டுப் பயிற்சியாளரை வைத்து எங்கேயோ போய்விட்டது. நம்மிடமும் இப்போது லீக் இருக்கிறது, பணம் வருகிறது. ஐரோப்பாவிலிருந்து நல்ல பயிற்சியாளர் ஒருவரைக் கொண்டுவந்து, ஆறரை அடிப் பையன்களாகப் பொறுக்கி எடுத்தால் ஐந்தாறு வருடத்தில் ஒலிம்பிக் போக முடியாதா?

இன்னொரு விஷயம். என் தம்பி பத்தாவது படிக்கிறான். ஸ்கூல் டீமில் செட்டர், அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற ஆள். ஐந்தடி ஒன்பது அங்குலம். பந்து அவன் விரலைத் தொட்டுப் போகிற சத்தமே கேட்காது, அவ்வளவு சுத்தமான கை. ஆனால் ஊரில் எல்லோரும், "செட்டருக்கு யாருடா வேலை தருவான், அடிக்கப் பழகு" என்கிறார்கள். அவனுக்கும் குழப்பம். அவனிடம் நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
க., கோவிந்தாபுரம்

அன்புள்ள க.,

உங்கள் இரண்டு கேள்விகளும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. தம்பிக்கு ஊர் சொல்கிற அந்தப் புத்திமதிதான் நம் தேசிய அணியையும் வருடக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்து டோர்னமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறையானாலும் மீனாட்சிபுரமானாலும் மைக்கில் யார் பெயர் ஒலிக்கிறது? அடிக்கிறவன் பெயர். வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவருகிற ஆட்டக்காரரும் பெரும்பாலும் அடிக்கிறவர்தான். அந்த அடிக்கு முன்னால் இரண்டு பேர் பந்தைத் தொட்டிருக்கிறார்கள். எதிரணியின் சர்வீஸை எடுத்தவன் ஒருவன், அதைத் தூக்கிக் கொடுத்தவன் ஒருவன். அவர்களுக்குக் கைதட்டல் இல்லை, பரிசு இல்லை, பிறகு வேலையும் இல்லை. பத்து வயதில் கோர்ட்டுக்கு வருகிற பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்கிறான்.

ஒரு காலத்தில் இதை வைத்தே சமாளிக்க முடிந்தது. 1990-களின் கடைசி வரை சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் பாயின்ட். எதிரணியின் சர்வீஸை அடித்து முடித்தால் சர்வீஸ் உங்கள் கைக்கு வரும், அவ்வளவுதான். உங்கள் சர்வீஸில் நீங்கள் செய்கிற தவறுக்கும் சர்வீஸ்தான் போகும், பாயின்ட் போகாது. நல்ல அடிகாரர்கள் இரண்டு பேர் இருந்தால் ஆட்டத்தை இழுத்துப் பிடித்துவிடலாம். அப்புறம் விதி மாறியது. ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட், 25 பாயின்ட்டுக்கு ஒரு செட், ஐந்தாவது செட் மட்டும் 15. பந்தை எடுப்பதற்கென்றே லிபரோ வந்தான். பின்கோட்டுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து குதித்து அடிக்கிற ஜம்ப் சர்வீஸ் பெரிய ஆயுதமானது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிற அந்தப் பந்தை முன்கையில் வாங்கி, நெட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளே செட்டர் நிற்கிற இடத்துக்கே அனுப்ப வேண்டும். இன்றைய வாலிபால் அங்கே தொடங்குகிறது.

அந்த முதல் பந்து சரியாக வந்தால் செட்டருக்கு நான்கு வழி திறக்கும். நடுவில் நிற்பவனுக்குக் குட்டைப் பந்து, முன்னால் வலதிலும் இடதிலும் வேகப் பந்து, பின்வரிசையிலிருந்து குதித்து வருபவனுக்கு ஒரு பந்து. எதிரில் பிளாக் போடுகிறவன், அதாவது நெட்டுக்கு மேலே கையை நீட்டித் தடுக்கிறவன், எதைப் பார்ப்பான்? முதல் பந்து ஓரடி தள்ளி விழுந்தாலே நடு ஆள் கணக்கிலிருந்து போய்விடுவான். மூன்றடி தள்ளிப் போனால் மீதி இருப்பது ஒரே வழி, இடது ஓரத்துக்கு உயரமாக ஒரு பந்து. அது இறங்கி வருவதற்குள் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர், கையை நீட்டிக்கொண்டு அங்கே காத்திருப்பார்கள். எவ்வளவு பெரிய அடிகாரனாக இருந்தாலும் அந்தச் சுவரின் மேல் எத்தனை முறை அடிக்க முடியும்?

நடுவில் நிற்பவனுக்குப் போகிற அந்தக் குட்டைப் பந்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செட்டர் பந்தைத் தொடும்போதே அடிக்கிறவன் மேலே எழும்பியிருப்பான். பந்து வருமா என்று பார்த்துவிட்டு அவன் குதிப்பதில்லை, வரும் என்று நம்பிக் குதிக்கிறான். தவில்காரர் தனியை எங்கே முடிப்பார் என்று நாதஸ்வரக்காரருக்கு உடம்பிலேயே தெரிகிற மாதிரி அது தெரிந்திருக்க வேண்டும். மூன்று வார முகாமில் அது வராது. ஒரே செட்டரும் ஒரே நடு ஆளும் வருடக்கணக்கில் காலையும் மாலையும் சேர்ந்து ஆடினால்தான் வரும்.

இப்போது ஹாங்சோவுக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 20, தென் கொரியாவோடு ஆட்டம். 2018-இல் வெள்ளி வாங்கிய அணி அது. 25-27, 29-27, 25-22, 20-25, 17-15 என்று மூன்று செட் நமக்கு, இரண்டு அவர்களுக்கு. உக்கிரபாண்டியன் மாதிரித் தமிழ்நாட்டிலிருந்து போன செட்டர் இந்தத் தலைமுறையில் இந்திய அணிக்கு ஆடினார் என்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை ஏற்கெனவே எழுதிவிட்டேன். அதற்கப்புறம் சீன தைபேயையும் மூன்று செட்டில் முடித்தோம். பிறகு காலிறுதியில் ஜப்பானிடம் 0-3. ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-3. மொத்தத்தில் ஆறாம் இடம். நம்மை வென்றது ஜப்பானின் முதல் அணிகூட இல்லை. அவர்களுடைய முதல் அணி அப்போது ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு நாளில் உலகத் தரத்துக்கு எழுகிற திறமை நம் பையன்களிடம் இருக்கிறது. அதையே அடுத்தடுத்த நாட்களிலும் திரும்பச் செய்கிற பழக்கத்துக்குத்தான் வழி செய்து தரவில்லை.

உயரம் பற்றிக் கேட்டீர்கள். நடு ஆளுக்கு உயரம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானின் செட்டர் செகிதா மசாஹிரோவின் உயரம் 175 சென்டிமீட்டர். உங்கள் தம்பியின் உயரம்தான். அவர் ஆடிய ஜப்பான் அணி வருடாவருடம் நடக்கிற உலகப் போட்டியான நேஷன்ஸ் லீகில் 2023-இல் வெண்கலமும் 2024-இல் வெள்ளியும் வாங்கியது. அந்த அணியின் முதல் பந்தைப் பாருங்கள், எல்லாம் புரியும்.

ஈரான் கதையை நீங்கள் பாதியிலிருந்து சொல்கிறீர்கள். ஹூலியோ வெலாஸ்கோ 2011-இல் அங்கே போனார். இத்தாலியை 1990-களில் உலக சாம்பியனாக்கியவர், பெரிய ஆசான், சந்தேகமே இல்லை. அந்த வருடமே ஈரான் ஆசிய சாம்பியன் ஆனது. ஆனால் 2007-லேயே அந்த நாட்டின் 19 வயதுக்கு உட்பட்ட அணி உலகப் பட்டம் வென்றிருந்தது. உள்ளூர் லீக் வருடத்தில் பல மாதம் ஓடிக்கொண்டிருந்தது. வெலாஸ்கோ வந்தபோது மாவு அரைத்துத் தயாராக இருந்தது. செட்டர் சயீத் மரூஃபும் நடு ஆள் முகமது மூசவியும் ரியோ ஒலிம்பிக்கிலும் சேர்ந்து ஆடினார்கள், டோக்கியோவிலும் சேர்ந்து ஆடினார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஒரே செட்டர், ஒரே நடு ஆள். 2014, 2018, 2023 என்று மூன்று ஆசிய விளையாட்டிலும் தங்கம் அவர்களுக்குத்தான்.

நமக்கும் அப்படி ஒரு தொடக்கம் கிடைத்தது. 2003-இல் தாய்லாந்தில் நடந்த அதே வயதுப்பிரிவு உலகப் போட்டியில் இந்தியா வெள்ளி வென்றது. இறுதி ஆட்டம் பிரேசிலோடு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகும். உலகத்தில் இரண்டாவது வந்த பையன்களை ஒரே அணியாகப் பத்து வருடம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம்மிடம் அதற்கு ஏற்பாடு இல்லை. ரயில்வே, ராணுவம், போலீஸ், வங்கி, எண்ணெய் கம்பெனி என்று வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவதுதான் நம் ஆட்டக்காரர்களின் வழி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வேலைகள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் வாலிபாலே செத்திருக்கும். தோட்டத்திலும் வயலிலும் கூலிக்குப் போகிற வீட்டுப் பையனுக்கு அதுதான் கரை. ஆனால் துறை அணிக்கு இந்த வருடமே கோப்பை வேண்டும். அதனால் தயாராக இருக்கிற அடிகாரனைத் தேடுகிறது. பதினாறு வயது செட்டரை எடுத்து ஆறு வருடம் வளர்க்கிற பொறுமை அங்கே இருக்காது. ஊரில் தம்பியிடம் கேட்கிற அந்தக் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு மேல் நிர்வாகச் சண்டை. 2016 கடைசியில் சர்வதேச சம்மேளனம் நம் சம்மேளனத்தைத் தடை செய்து, 2018-இல்தான் தடையை விலக்கியது. செட்டருக்கும் நடு ஆளுக்கும் இடையில் உருவாக வேண்டிய பழக்கத்தில் இப்படிப் போன வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

லீக் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. 2019-இல் புரோ வாலிபால் லீகின் முதல் கட்டம் கொச்சியிலும் அடுத்த கட்டம் சென்னையிலும் நடந்தது. இறுதி ஆட்டத்தில் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் காலிகட் அணியை வென்றது. அதற்குப் பின்னால் வந்த பிரைம் வாலிபால் லீகில் 2024-இல் காலிகட் ஹீரோஸ் கோப்பையைத் தூக்கியபோது தலைவர் நம் தமிழ்நாட்டு ஜெரோம் வினித். மலபார்க்காரர்கள் தமிழ்ப் பையன் ஒருவனைத் தங்கள் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். எல்லையில் இருக்கிற நமக்கு இது ஒன்றும் புதிதில்லை, சித்தூர் தாலுகாவில் ஒரே அணியில் இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டுதானே ஆடுகிறோம். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்ததில் நம் பையன்கள் நல்ல சர்வீஸை நேரில் சந்திக்கிறார்கள். அது நல்லது. ஆனால் பிரைம் லீகில் ஒரு செட் 15 பாயின்ட். அது டிவிக்குச் சரி. சர்வதேச ஆட்டத்தில் 25 பாயின்ட் செட் நான்கும், அதற்கப்புறம் 15 பாயின்ட்டில் ஐந்தாவது செட்டும் ஆட வேண்டியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் முதல் பந்தை எடுத்துக்கொண்டே இருக்கிற உடம்பும் மனதும் குட்டிச் செட்டில் உருவாகாது. லீகும் சில வாரங்களில் முடிந்துவிடும், பிறகு அவரவர் துறைக்கு.

1986 அணியைப் பற்றிப் பேசும்போது நாம் ஜிம்மி ஜார்ஜின் எழும்பலை மட்டும் பேசுகிறோம். கேரளத்தின் பேராவூர் மலைக்கிராமத்திலிருந்து வந்த அந்த மனிதர் அபுதாபி கிளப்புக்கும், பிறகு இத்தாலிய கிளப்களுக்கும் ஆடியவர். வாரா வாரம் உலகின் நல்ல பிளாக்குகளுக்கு எதிராக அடித்துப் பழகிய ஒருவர் சியோலுக்கு வந்தார். அவரோடு சிரில் வள்ளூர், உதயகுமார், நம் ஸ்ரீதரன், ஆந்திரப் பக்கத்திலிருந்து அப்துல் பாசித், பி.வி. ரமணா என்று ஒரு கூட்டமே இருந்தது. ஜப்பானைத் தள்ளிவிட்டு வெண்கலம் வாங்கினார்கள். அடுத்த வருடம் நவம்பரில் இத்தாலியில் கார் விபத்தில் ஜிம்மி போய்ச் சேர்ந்தார், வயது 32. மொன்டிகியாரி ஊரில் இன்றும் உள்ளரங்கத்துக்கு அவர் பெயர். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேரையாவது அந்த லீகுகளுக்கு அனுப்பியிருக்க வேண்டாமா? ஜப்பான் அதைச் செய்தது. இஷிகாவா யூகி கல்லூரியில் படிக்கும்போதே இத்தாலியில் ஆடப் போனார்.

ஆகவே வெளிநாட்டுப் பயிற்சியாளர் வரட்டும், தவறில்லை. 2019-இல் செர்பியாவின் டிராகன் மிஹைலோவிச் இங்கே பொறுப்பில் இருந்தபோது 23 வயதுக்கு உட்பட்டோர் ஆசியப் போட்டியில் வெள்ளி வந்தது. ஆனால் அவருக்குப் பதினைந்து பையன்களை வருடத்தில் எட்டு மாதம், நான்கைந்து வருடத்துக்கு ஒரே இடத்தில் கொடுங்கள். சம்பளம் துறை கொடுக்கட்டும், ஆளை முகாமுக்கு விடட்டும். வருடத்துக்கு முப்பது சர்வதேச ஆட்டமாவது ஆடட்டும், தோற்றாலும் பரவாயில்லை. இதைச் செய்யாமல் பயிற்சியாளரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, தம்பிக்கு வருகிறேன். அவன் செட்டராகவே இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஆடிப் பழகிய செட்டருக்குக் கையில் தனிச் சுத்தம் வந்துவிடும். உயரமாகப் போடுகிற பந்தைக் காற்று இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து, பந்தைத் தாழ்வாகவும் வேகமாகவும் கொடுக்கத் தானாகவே கற்றுக்கொண்டிருப்பான். அதுதான் இன்றைக்கு வேண்டிய பந்து. அவன் வயதில் நல்லா எழும்புகிற நடு ஆள் ஒருவனைப் பக்கத்திலேயே தேடிப் பிடியுங்கள். இரண்டு பேரையும் ஒரே பள்ளியில், முடிந்தால் ஒரே கல்லூரியில் சேருங்கள். பிளஸ் டூ முடித்ததும் பாலக்காட்டில் தொடர்வதா, கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்வதா என்று எல்லைப் பையன்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். பெரிய கல்லூரிப் பெயரைப் பார்க்காதீர்கள். உள்ளரங்கமும் ரப்பர் தரையும் எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்புங்கள். மண் கோர்ட்டில் முழங்கை தோல் உரியும் என்ற பயத்தில் நம் பையன்கள் டைவ் அடிக்கவே கற்பதில்லை. பதினெட்டு வயதுக்கு மேல் அது உடம்பில் ஏறுவது கஷ்டம்.

உங்கள் ஊர்க் கமிட்டியிடமும் ஒன்று கேளுங்கள். அடுத்த டோர்னமென்ட்டில் சிறந்த அடிகாரருக்கு எவ்வளவு பரிசோ அதே தொகை சிறந்த செட்டருக்கும், சர்வீஸை நன்றாக எடுத்தவருக்கும். ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், செட்டர் பரிசை நான் தருகிறேன்.

அன்புடன்